நண்டுக் கம்பனியின் ஐந்து மணி

தேங்காய் ஒன்று இருநூறு ரூபாயைத் தொட்ட வருடத்தில், சீனக்குடாவிலிருந்து கிண்ணியாவுக்குப் போகும் வீதியோரத்து நண்டுக் கம்பனியின் மதிலுக்குள் மட்டும், பின்னேரம் ஐந்து மணியாவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் சூரியன் நின்றுவிடத் தொடங்கியது. மதிலுக்கு வெளியே அது வழமைபோல இறங்கி மறையும். துறைமுகத்தில் கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். கிண்ணியா பஸ்களில் கொண்டக்டர்மார் இருட்டில் மிச்சக்காசு தேடுவார்கள். மதிலுக்கு உள்ளேயோ சூரியன் தண்ணீர்த் தாங்கியின் தோளில் குந்திக்கொண்டு, முகாமையாளர் றுவைஸ் விடைகொடுக்கும் வரைக்கும் அசையாது. வெளிச்சம் மதிலின் விளிம்போடு கத்தியால் வெட்டியதுபோல முடிந்துவிடும். பக்கத்து வளவுக் கோழிகள் முதல் கிழமையிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டு, அந்திப்பட்டதும் மதில் பாய்ந்து உள்ளே வந்து, நாளுக்கு இரண்டு முட்டை இடத் தொடங்கின.

இது றுவைஸ் திட்டம் போட்டுச் செய்த வேலை என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை, அவருக்கு அவ்வளவு கெட்டித்தனம் கிடையாது. முந்திய முகாமையாளர் தூஷணத்தில் ஏசுகிறவர். அவர் ஏசினால் நண்டு உடைக்கிற பெண்களும் திருப்பி ஏசிவிட்டு, கத்தியை மேசையில் குத்திவிட்டு, ஐந்து மணிக்குப் போய்விடுவார்கள். கொழும்பிலிருந்து வந்த றுவைஸிடம் அதைவிட மோசமான பழக்கம் ஒன்று இருந்தது. அவர் மரியாதையாகக் கதைப்பார். வந்த முதல் மாதம், நண்டுச் சதை ஏற்றவேண்டிய கொண்டெய்னர் பாதிகூட நிரம்பாமல் இருந்த ஒரு நாளில், முற்றத்தில் மேற்குப் பார்த்து நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் கூப்பாத குறையாக, "ஒருத்தரும் போக வேணாம், கொஞ்சம் நில்லுங்க" என்றார். அவ்வளவு பணிவாகக் கேட்டால் எந்த மனிதருக்கும் கால் எடுபடாது. பெண்கள் நின்றார்கள். மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியன், தனக்கும் சேர்த்துத்தான் சொல்லுகிறார் என்று நினைத்து, அதுவும் நின்றது.

சட்டம் இந்த இடத்தில் தெளிவாகத்தான் இருந்தது. காலை எட்டு மணிக்குக் கத்தியைப் பிடித்தவள், சாப்பாட்டு நேரமும் சேர்த்து ஒன்பது மணித்தியாலத்தில், அதாவது ஐந்து மணிக்கு, கத்தியைக் கீழே வைக்கலாம். அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு கூலி. ஐந்து மணிக்கு முன்னால் வெளிக்கிட்டால் அரை நாள் சம்பளம் வெட்டு. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில்தான் சூரியன் நின்றது. அது நின்றதோடு சுவர் மணிக்கூடும், வரவு பதிய விரல் வைக்கும் மெசினும், பெண்களின் கைப்பைகளுக்குள் கிடந்த தொலைபேசிகளும் ஐந்துக்குப் பத்திலேயே நின்றன. எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ கொண்டெய்னர் நிரம்பியதும் றுவைஸ் முற்றத்துக்கு வந்து, "சரி, போய்ட்டு வாங்க" என்பார். சூரியன் பனங்காய் விழுகிறமாதிரித் தொப்பென்று விழும். விரல் மெசின் ஐந்து மணி காட்டும். கேற்றைத் தாண்டியதும் தொலைபேசிகள் பதறிப்போய் ஒன்பது மணிக்குத் தாவும். மணிக்கூடுகள் நின்றனவே தவிர முழங்கால்கள் நிற்கவில்லை. அவை எல்லா மணித்தியாலத்தையும் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தன.

முதலில் வாய் திறந்தவள் இன்பமலர். திருகோணமலை ரவுணில் மாதா கோயிலடியில் இருந்து வருகிறவள். நண்டை உடைக்கிற அதே வேகத்தில் ஆட்களையும் உடைப்பாள். "சேர், எங்கட ஓ.ரீ. என்ன மாதிரி?" என்று கேட்டாள்.

றுவைஸ் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். "ஓ.ரீ. என்டா அஞ்சு மணிக்குப் புறகு செய்யிற வேலைதானே தங்கச்சி. அஞ்சு மணி வரட்டும், கதைப்பம்."

"அது எப்ப சேர் வரும்?"

"அது என்ட கையில இல்ல. நான் என்ன சூரியனுக்கா சம்பளம் குடுக்கிறன்?"

"அதுக்கும் குடுக்காமல்தான் வச்சிருக்கிறீங்கள்" என்றாள் இன்பமலர். பெண்கள் சிரித்தார்கள். சிரித்த நேரத்துக்கும் சேர்த்து அன்றைக்கு அவர்கள் நின்றார்கள்.

இன்பமலரின் முறைப்பாட்டின்மேல் தொழில் பரிசோதகர் இராகுலன் வந்தார். நேர்மையான இளைஞர், லஞ்சமாக ஒரு சோடாகூடக் குடிக்காதவர். வெளியே ஏழரை மணி இருட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கேற்றுக்குள் காலை வைத்ததும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். அவருடைய கை மணிக்கூடும் ஐந்துக்குப் பத்தாகிவிட்டது. இரண்டுமுறை வெளியே போய், இரண்டுமுறை உள்ளே வந்து பார்த்தார். "வெளியில ஏழரை" என்றார். "வேலை உள்ளுக்குத்தானே சேர் நடக்குது. உள்ளுக்கு என்ன மணியோ அதுதானே கணக்கு" என்றார் றுவைஸ், மிகுந்த மரியாதையோடு. மேலதிக நேரம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதுவதைத் தவிர இராகுலனுக்கு வேறு வழியிருக்கவில்லை. போகும்போது இன்பமலரிடம், ஐந்து மணி வராமல் சட்டத்துக்குக் கை இல்லை என்றும், பெண்களைச் சம்மதமும் அனுமதியும் இல்லாமல் இரவில் வேலைக்கு வைத்தால் மட்டும் உடனே சொல்லும்படியும் சொன்னார். "எங்களுக்கு எங்க சேர் இரவு?" என்றாள் அவள். கொழும்பில் இருந்த முதலாளி இதைக் கேள்விப்பட்டு மகிழ்ந்து, கூரை முழுக்கச் சூரியத் தகடுகள் பூட்டி, இரவு ஒன்பது மணிவரை மின்சாரம் விற்கத் தொடங்கினார்.

கிண்ணியாவிலிருந்து வருகிற பஸ்மியா இந்தக் கதையெல்லாம் கதைக்கிறவள் அல்ல. புருஷன் முனீப் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். அனுப்புகிற காசு அவன் போவதற்கு வாங்கிய கடனுக்குச் சரி. அவளுக்கு இருந்தது ஒரேயொரு கவலை. ஆறு வயது மகள் இன்ஷிரா. பஸ்மியா காலையில் பஸ் ஏறும்போது பிள்ளை அரைத் தூக்கத்தில் இருக்கும். திரும்பி வரும்போது முழுத் தூக்கத்தில் இருக்கும். நடுவிலே குளிப்பாட்டியது, சோறு தீத்தியது, பள்ளிக்கூடம் கூட்டிப்போனது எல்லாம் தங்கை றுமானா. சூரியன் நின்று மூன்றாம் மாதத்தில் இன்ஷிரா றுமானாவை "உம்மா" என்று கூப்பிடத் தொடங்கினாள். திருத்தினார்கள். அவள் யோசித்து, நியாயமான ஒரு வழி கண்டுபிடித்தாள். றுமானா உம்மா, பஸ்மியா "கம்பனி உம்மா." தெரு முழுக்க அதைக் கேட்டுச் சிரித்தது. பஸ்மியாவும் சிரித்தாள், பஸ்ஸில் ஏறி யன்னலோரம் உட்காரும்வரைக்கும்.

அப்போது நோன்பு வந்தது. மதிலுக்கு வெளியே பள்ளிவாசலில் அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் சத்தம் உள்ளே தெளிவாகக் கேட்கும். கிண்ணியாப் பெண்கள் கையைக் கழுவிவிட்டு, பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்துவைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்ப்பார்கள். தண்ணீர்த் தாங்கியின் தோளில் சூரியன் பளபளவென்று இருக்கும். அடையாத சூரியனுக்குக் கீழே எப்படி நோன்பு திறப்பது? பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டனுப்பினார்கள். அவர் நீண்ட நேரம் தாடியைத் தடவிவிட்டு, "நீங்க நிக்கிற இடத்தில சூரியன் அடைஞ்சாத்தான் நோன்பு திறக்கலாம். ஆனா அதப் புடிச்சு வச்சிருக்கிறவன் நாளைக்கு மறுமையில அதுக்குப் பதில் சொல்லணும்" என்றார். மறுமை தூரத்தில் இருந்தது. எட்டு மணி அதைவிடத் தூரமாகத் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்ட, ஐஸ் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்று, அவர்கள் நண்டுச் சதையைப் பிய்த்தார்கள். இன்பமலரும் மற்றத் தமிழ்ப் பெண்களும் அவர்களுக்கு முன்னால் தண்ணீர் குடிக்காமல் மேசைக்குக் கீழே குனிந்து குடித்தார்கள். அதைத் தவிர அந்த மாதத்தில் அந்தக் கட்டிடத்துக்குள் இரக்கம் என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை.

நோன்பின் நடுவில், பௌர்ணமியன்று, போயா லீவு வந்தது. பஸ்மியா பகல் முழுக்க வீட்டில் இருந்தாள். கஞ்சி காய்ச்சினாள், மகளுக்குத் தலை பின்னினாள், அவள் கீறிய யானையைப் பார்த்து நல்ல பூனை என்று சொல்லித் திட்டு வாங்கினாள். பாங்கு சொல்லி, நோன்பு திறந்து, கோப்பைகள் கழுவி முடிந்தது. இன்ஷிரா எழும்பிப்போய்த் தாயின் கைப்பையையும் செருப்பையும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள். "நேரமாயிட்டு. போய்ட்டு வாங்க" என்றாள். வந்த விருந்தாளிக்குச் சொல்வதுபோல, குறையில்லாத மரியாதையோடு சொன்னாள். றுமானா சிரிக்கத் தொடங்கி நிறுத்தினாள். பஸ்மியாவின் கால்கள், அவள் எழும்ப நினைக்காமலே, செருப்பைத் தேடின. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வீட்டுக்குள் தங்கினாள். விடைகொடுத்தபின் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் பின்னேரம் வழமைபோல "கொஞ்சம் நில்லுங்க" சொல்லப்பட்டது. வழமைபோல எல்லாம் நின்றன. வெளியே பாங்கு கேட்டுக் கொஞ்ச நேரத்தில், ஒப்பம் வாங்கவேண்டிய ஒரு பெட்டியோடு றுவைஸைத் தேடிவரும்படி பஸ்மியாவை அனுப்பினார்கள். அவர் கந்தோர் அறையில் இல்லை. கேற்றுக்கு வெளியே, இருட்டில் நிறுத்தியிருந்த காருக்குள், மடியில் துவாய் விரித்து, கஞ்சியும் சமோசாவுமாக இருந்தார். அவரும் நோன்பாளிதான். ஒவ்வொரு நாளும் பாங்கு சொன்னதும் சூரியன் அடைந்த பக்கத்துக்கு வந்து நோன்பு திறந்துவிட்டு, அடையாத பக்கத்துக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

பஸ்மியாவைக் கண்டதும் அவர் வெட்கப்படவில்லை; விருந்தோம்பினார். "வாங்க தங்கச்சி. இங்கால அடைஞ்சிட்டுத்தானே, ஒரு ஈத்தம்பழம் எடுங்க."

"உள்ளுக்கு முப்பது பேர் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க சேர்."

"அவங்களுக்கு இன்னும் நேரம் வரல்லியே" என்றார் றுவைஸ், கஞ்சிக் கரண்டியை வழித்தபடி. "நானா மார்க்கத்தை மாத்த?"

அவள் பழத்தை எடுத்துக்கொண்டாள், வாயில் வைக்கவில்லை. கேற்றுக்குள் வந்து, வெயிலில் முற்றத்தின் நடுவில் போய் நின்று, தண்ணீர்த் தாங்கியை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை, துஆ கேட்கவில்லை. பக்கத்து மேசையில் வேலை செய்கிறவளைப் பார்க்கிறமாதிரித்தான் பார்த்தாள். அதுவும் காலையிலிருந்து நிற்கிறது. அதற்கும் முழங்கால் இருந்தால் நோகும். அதை ஒருவர் நிற்கச் சொன்னார், அது நின்றது. போகச் சொல்லும் உரிமையும் அவருக்கு மட்டும்தான் என்று இவ்வளவு நாளும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நேரமாயிட்டு" என்றாள் பஸ்மியா. "போய்ட்டு வாங்க."

சூரியன் போனது. அன்றைக்கு அது பனங்காய்போல விழவில்லை. சட்டையைத் தட்டிவிட்டு எழும்புகிறவரைப்போல நிதானமாக எழுந்து, சிவந்து, இறங்கியது. விரல் மெசின் ஐந்து மணி என்று கூவியது. பெண்கள் மேசைகளில் நின்றபடியே நோன்பு திறந்தார்கள். இன்பமலர் ஐஸ் வாளியில் தண்ணீர் கொண்டோடினாள். கையில் துவாயோடு ஓடிவந்த றுவைஸ் இருட்டைப் பார்த்து, "நில்லுங்க! கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினார். நிற்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை மதிலுக்குள் விடியவில்லை. இவ்வளவு மாதமும் மேலதிகமாக நின்ற நேரத்துக்குச் சூரியன் பதில் லீவு எடுத்துக்கொண்டது என்பது அன்றைக்கு யாருக்கும் உடனே புரியவில்லை. வெளியே பத்து மணி வெயில் தாரை உருக்கியது. உள்ளே நட்சத்திரம் தெரிந்தது, சுவர் மணிக்கூடு பன்னிரண்டு காட்டியது. றுவைஸ் மின்விளக்குகளைப் போடச் சொல்லி வேலை தொடங்கச் சொன்னார். இன்பமலர் மேசையில் ஏறி நின்று, தனக்கு இரவு வேலைக்குச் சம்மதமில்லை என்றாள், பிறகு தொலைபேசியை எடுத்தாள். இராகுலன் கையில் ரோச் லைற்றோடு வந்தார். கேற்றுக்குள் கால் வைத்து, தன் மணிக்கூட்டைப் பார்த்து, பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"சேர், வெளியில பாருங்க, வெயில் கொளுத்துது!" என்றார் றுவைஸ்.

"வேலை உள்ளுக்குத்தானே நடக்குது" என்றார் இராகுலன். "உள்ளுக்கு என்ன மணியோ அதுதான் கணக்கு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நடுச்சாமம் பன்னிரண்டு மணி. இத்தினை பெண்கள். ஆரிட்ட அனுமதி எடுத்தனீங்கள்?"

கம்பனி மூடிக் கிடந்தது. சூரியத் தகடுகள் கறுத்துப்போய்ப் படுத்திருந்தன. கோழிகள் மனம் நொந்து வேறு வளவு பார்த்துப் போயின. நண்டு வள்ளக்காரர் நண்டை வேறு இடத்துக்கு ஏற்றினார்கள். பெருநாள் வந்து போனது. பெருநாள் கழிந்த கிழமையில், வெயில் தாழும் நேரம், றுவைஸ் கிண்ணியாவுக்குப் பஸ்மியாவின் வீடு தேடி வந்தார். கதிரை போட்டார்கள். பிளேன்டீ கொடுத்தார்கள். அவர் அவளை மேற்பார்வையாளர் ஆக்குவதாகச் சொன்னார், மகளுக்குச் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னார். "ஒரு சொல்லுத்தானே தங்கச்சி. வரச் சொல்லுங்க."

"லீவில போன ஆளைக் கூப்பிட ஏலாது சேர். நிண்ட நேரத்துக்குத்தானே எடுக்குது. முடிஞ்சா வரும்."

"அப்ப, வந்தா?"

"வந்தா அஞ்சு மணிக்குப் போகும். அந்தச் சொல்ல நீங்க சொல்லக்கூடாது, நாங்க சொல்லுவம். அதுக்கு மேல யாரும் நிக்கிறதென்டா அவங்க விருப்பம், ஒன்றரை மடங்கு."

இதற்கு முதலாளி ஒத்துக்கொள்ளமாட்டார் என்று சொல்லி றுவைஸ் எழும்பினார். வாசற்படியில் ஒரு காலை வைத்து, எல்லோரும் சொல்வதுபோல, "அப்ப நான் போய்ட்டு வாறன்" என்றார்.

பஸ்மியா அவரைவிட மரியாதையாகச் சொன்னாள்: "கொஞ்சம் நில்லுங்க சேர்."

அவர் நின்றார். ஒரு கால் படியிலும் ஒரு கால் மணலிலுமாக நின்றார். இறங்கப் பார்த்தார், முடியவில்லை. ஏறப் பார்த்தார், அதுவும் முடியவில்லை. பஸ்மியா குசினிக்குப் போய் உலை வைத்தாள். பாங்கு சொன்னது; தொழுதாள். மகளுக்குச் சோறு தீத்தினாள். றுமானா உடுப்பு மடித்தாள். நுளம்பு மொய்த்தது. தெருவால் போனவர்கள் ஸலாம் சொன்னார்கள். அவர் பதில் சொன்னார். கால் கடுக்கத் தொடங்கியபோது, "எவ்வளவு நேரம் தங்கச்சி?" என்று கேட்டார்.

"நேரம் வரட்டும், கதைப்பம்" என்றாள் பஸ்மியா உள்ளேயிருந்து.

கடைசியில் அவர் நின்றபடியே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். முதலாளி முதலில் ஏசினார். பிறகு வட்டிக்கு வாங்கிய சூரியத் தகடுகளை நினைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்டதை ஒலிபெருக்கியில் போட்டு எல்லோருக்கும் கேட்கச் செய்தார்கள். பஸ்மியா மகளைக் கூப்பிட்டு, "சேருக்குச் சொல்லுங்க மகள்" என்றாள். இன்ஷிரா அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். போய்ட்டு வாங்க என்று அவள் சொல்லவில்லை. "போங்க" என்றாள். அவ்வளவுதான். வாருங்கள் என்ற பாதி அதில் இல்லாதபடியால், றுவைஸ் அதற்குப் பிறகு கிண்ணியாப் பக்கமோ கம்பனிப் பக்கமோ வரவேயில்லை. கொழும்பில் இப்போது வேறொரு கம்பனியில் இருக்கிறாராம். பஸ்ஸை நிறுத்தக்கூட வாயால் சொல்லமாட்டாராம், கையை மட்டும் காட்டுவாராம்.

லீவு முடிந்த நாளில் சூரியன் ஒரு நிமிடமும் பிந்தாமல் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தது. பெண்கள் நின்ற நேரத்துக்கான கூலியை முதலாளி பிறகு மறுத்தார். ஐந்துக்குப் பத்து எப்போதும் ஐந்துக்குப் பத்துத்தான் என்று சட்டத்தரணி வைத்து வாதாடுகிறார். வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது, இன்பமலர் ஒவ்வொரு தவணைக்கும் போய் முன் வரிசையில் உட்காருகிறாள். இதுவரைக்கும் முழுதாகக் கிடைத்தது சூரியனுக்கு மட்டும்தான். அது யாரிடமும் கேட்காமல் தானே எடுத்துக்கொண்டது.

மற்றப்படி ஒரு குறையும் இல்லை. ஐந்து மணிக்கு யாராவது ஒருத்தி முற்றத்துக்கு வந்து அந்தச் சொல்லைச் சொல்லுவாள், மதிலுக்குள் சூரியன் மறையும். பெண்கள் இருட்டில் விரல் வைத்துவிட்டுக் கேற்றைத் தாண்டினால், வெளியே இன்னொரு பின்னேரம் அப்படியே வெயிலோடு காத்திருக்கும். பஸ் கொண்டக்டர்மார் அந்தத் தரிப்பிடத்தை "அஞ்சு மணி இறக்கம்" என்று கூவுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் ஏன் என்று கேட்பதுண்டு, ஊர்க்காரர் கேட்பதில்லை. இன்ஷிரா கோபம் வந்தால் மட்டும் இப்போதும் "கம்பனி உம்மா" என்கிறாள். காலையில் பஸ்மியா செருப்பைப் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வாறன் மகள்" என்பாள். பிள்ளை பாயில் புரண்டு, கண் திறக்காமலே, இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்லும். அவள் போவாள், வெளிச்சம் இருக்கும்போதே வருவாள்.